சாயமேறாத பிம்பம்

ஆரணிப் பட்டென்று கடைகளில் விலை கூறப்படும் புடைவைகள் யாவும் ஆரணி நகரத்துத் தறிகளிலேயே பிறந்தவை என்று எண்ணிவிடலாகாது. அந்நகரிலிருந்து வடகிழக்கே காஞ்சிபுரத்தை நோக்கி விரியும் சமவெளியில், செய்யாற்றையும் வெம்பாக்கத்தையும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களையும் உள்ளிட்ட பிரதேசம் முழுவதிலும், வீட்டின் முன்கூடத்துக் குழித்தறியில் அமர்ந்து பாவையும் ஊடையையும் இணைக்கும் கைகள் தலைமுறை தலைமுறையாகத் தொழிலாற்றி வந்திருக்கின்றன. முன்னெல்லாம் நெய்து முடிந்த புடைவை வியாபாரியின் மூட்டையில் ஏறிப் பட்டணம் சேர்ந்து, வாங்குவோர் கண்முன் விரிந்த பிறகே விலை பேசப்படும். இன்றோ புடைவை தறியை விட்டு இறங்கிய அன்றைக்கே அதன் பிம்பம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் டொராண்டோவுக்கும் போய்ச் சேர்ந்து, விலை தீர்ந்து, பணமும் வந்த பின்னரே துணி பார்சலில் புறப்படுவதும் உண்டு. இந்த ஏற்பாட்டில் ஒரு வழக்கு ஓயாமல் எழுகிறது. படத்தில் வாடாமல்லியாக இருந்தது கையில் வந்தபோது வேறாக இருக்கிறதென்று வாங்கியவர் எழுதுகிறார். படமெடுத்த துணியும் அனுப்பிய துணியும் ஒன்றே என்று விற்றவர் சத்தியம் செய்கிறார். இருவர் சொல்வதும் உண்மையே. துணிக்கும் படத்துக்கும் இடையில் நடந்தேறும் காரியங்கள் பல. அவற்றை இருவரும் அறியாதிருப்பதால்தான் வழக்கு தீர்வதில்லை.

கேமராவினுள் நிறம் என்பதொன்று பதிவாவதே இல்லை என்று சொன்னால் வாசகர் முதலில் நம்ப மறுப்பார். லென்ஸுக்குப் பின்னால் உள்ள சென்சார் என்னும் சிலிக்கான் தகட்டில், நெடுக்கில் 6,000 குறுக்கில் 4,000 என்ற கணக்கில் 2 கோடியே 40 லட்சம் நுண்ணிய அறைகள் இருப்பதாகக் கொள்வோம். இன்றைய நடுத்தரக் கேமராக்களில் இது சாதாரணமான அளவு. ஒவ்வோர் அறையும் தன்மீது விழும் ஒளித்துகள்களை எலெக்ட்ரான்களாக மாற்றிச் சேர்த்து வைத்து, திரை மூடியதும் அவற்றின் அளவை ஓர் எண்ணாகச் சொல்லிவிடுகிறது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் இவ்வகைக் கருவியின் முதல் வடிவத்தை வகுத்தார்கள். 40 ஆண்டுகள் கழித்து 2009-இல் அதற்காக அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய கேமராக்களில் பெரும்பாலும் அக்கருவிக்குப் பதிலாக அதன் பின்னோன் ஒன்று இருக்கிறதாயினும், ஒளியை எண்ணிக்கையாக்கும் காரியம் மாறவில்லை. எண்ணிக்கைக்கு நிறம் கிடையாது. பச்சை ஒளியின் துகள் ஆயிரமும் சிவப்பு ஒளியின் துகள் ஆயிரமும் அவ்வறைக்குள் சென்றபின் எலெக்ட்ரான் குவியலாகவே நிற்கும். எது எதிலிருந்து வந்ததென்று பிரித்தறிய வழியில்லை.

இச்சங்கடத்துக்கு ஒரு பழைய பரிகாரம் உண்டு. 1861-ஆம் ஆண்டு மே மாதம் லண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்ற பௌதிக மேதை, பல வர்ணக் கட்டங்கள் நெய்த ஒரு நாடாவைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வடிகட்டிகளின் வழியே தனித்தனியே மூன்று கண்ணாடித் தகடுகளில் படமெடுக்கச் செய்து, அம்மூன்றையும் அதே மூன்று நிற ஒளிகளால் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழச் செய்து காட்டினார். உலகின் முதல் வர்ணப் புகைப்படம் என்று மதிக்கப்படும் அது நெய்த துணியின் படம் என்பது நம் கதைக்குப் பொருத்தமான தற்செயல். அதில் மற்றொரு விநோதமும் அடங்கியிருந்தது. அக்காலத்துத் தகடுகளுக்குச் சிவப்பு ஒளி உறைக்கவே உறைக்காது. அப்படியிருக்கச் சிவப்புத் தகட்டில் படம் விழுந்தது எவ்வாறு என்பது நூறாண்டு விடுபடாத புதிராக இருந்து, 1961-இல் கோடாக் நிறுவனத்து ரால்ஃப் எவன்ஸின் ஆராய்ச்சியால் தெளிந்தது. நாடாவின் சிவப்புச் சாயம், கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கிரணங்களையும் பிரதிபலித்தது. சிவப்பு வடிகட்டி அக்கிரணங்களையும் உள்ளே விட்டது. தகடு கண்டது அவற்றைத்தான். சாயம் கண்ணுக்கு ஒன்றும் கருவிக்கு வேறொன்றுமாகத் தோன்றும் என்ற பாடம் வர்ணப் புகைப்படத்தின் பிறந்த நாளிலேயே கிடைத்துவிட்டது எனலாம்.

மாக்ஸ்வெல் மூன்று தகடுகளில் செய்ததை ஒரே தகட்டில் செய்யும் உபாயத்தைக் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் வகுத்து, 1976-இல் காப்புரிமை பெற்றார். சென்சாரின் ஒவ்வோர் அறைக்கும் மேலே சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றில் ஏதேனும் ஒரு நிறத்து நுண்ணிய வடிகட்டியைப் பதித்து, நான்கு அறை கொண்ட ஒவ்வொரு சதுரத்திலும் பச்சை இரண்டு, சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என்று அமைப்பதே அவர் கண்ட முறை. மனிதக் கண் நுண்மையைப் பெரும்பாலும் பச்சைப் பகுதியின் ஒளியைக் கொண்டே அறிகிறதாகையால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. வெம்பாக்கத்துக் கல்யாண வீட்டில் சுழலும் கேமராவிலும், 2014 செப்டம்பரில் செவ்வாயை அடைந்த மங்கள்யான் விண்கலத்தின் வர்ணக் கேமராவிலும் இருந்தது இந்த ஒரே கட்டமைப்புதான்.

இவ்வாறு ஒவ்வோர் அறையிலிருந்தும் கிடைத்த ஒற்றை எண்களை, மேற்கொண்டு யாதொரு மாற்றமும் செய்யாமல் அடுக்கி வைத்த கோப்பையே புகைப்படக்காரர்கள் ரா என்கிறார்கள். நாம் கச்சாக் கோப்பு என்போம். அதை உள்ளபடியே திரையில் இட்டால் பச்சை படிந்த, இருண்ட, புள்ளி புள்ளியான ஒரு பரப்புத் தெரியுமேயன்றிப் புடைவை தெரியாது. தறிக்காரர் வீட்டு உவமை ஒன்றே இதற்குப் போதும். கூட்டிலிருந்து உரித்த பட்டுநூல் தன்மேல் பூசியிருக்கும் இயற்கைப் பசையோடு விறைப்பாகவும் மங்கலாகவும் இருக்கிறது. அதைச் சோப்பும் சோடாவும் இட்ட கொதிநீரில் வேகவைத்துப் பசையை நீக்கினால் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு போய்விடுகிறது, ஆனால் பளபளப்பு வெளிப்படுகிறது. அதன்பின் சாயத்தொட்டியில் தோய்த்து எடுத்தால் அரக்கோ, மயில்கழுத்தோ, மாம்பழ மஞ்சளோ ஆகிவிடுகிறது. கோராப் பட்டு எந்த நிறமும் ஆகலாம். அரக்கான பட்டு மறுபடி கோராவாகாது. கச்சாக் கோப்பை ஜேபெக் முதலிய வேறு வடிவங்களுக்கு மாற்றுவதும் இவ்வாறே ஒருவழிப் பயணம். கணினியில் 'மாற்று' என்ற பொத்தானை அழுத்தியதும் நொடியில் முடிந்துவிடுவதால் இது பெட்டியை மாற்றுவது போன்ற காரியமென்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்நொடிக்குள் பல தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. தீர்ப்பளிப்பவர் நாமா, கேமரா செய்தவரா என்பதே கேள்வி. கேமராவை ஜேபெக்கில் வைத்துப் படமெடுப்பவர் தீர்ப்பனைத்தையும் தொழிற்சாலைக்கு ஒப்படைத்துவிட்டவராகிறார்.

அத்தீர்ப்புகளில் முதன்மையானது வெண்மை எது என்பது. முழு இருட்டிலும் சென்சார் சொல்லும் சிறு எண்ணைக் கழித்துவிடுவது போன்ற பூர்வாங்க வேலைகளை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. நண்பகல் வெயில், மேகம் மூடிய வானம், பழைய குண்டு பல்பு, இக்காலத்து எல்.இ.டி. குழல் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு விகிதத்தில் சிவப்பும் நீலமும் கலந்த ஒளியைத் தருகின்றன. பகல் ஒளியை 5,500 கெல்வின் அளவிலும் குண்டு பல்பை 2,800 கெல்வினை ஒட்டியும் நிபுணர்கள் குறிப்பார்கள். எந்த ஒளியிலும் வெள்ளை வேட்டியை வெள்ளையாகவே கண்டுகொள்ளும் வித்தை நம் மூளைக்குத் தெரியும். சென்சாருக்குத் தெரியாது. ஆகவே மாற்றும்போது சிவப்பு எண்களை ஒரு குணகத்தாலும் நீல எண்களை மற்றொரு குணகத்தாலும் பெருக்கி, வெள்ளைப் பொருளுக்கு மூன்று நிறமும் சமமாகும்படி செய்கிறார்கள். இதற்கே ஒயிட் பேலன்ஸ் என்று பெயர். கச்சாக் கோப்பில் இக்குணகங்கள் ஓரத்துக் குறிப்பாக மட்டும் எழுதப்பட்டிருக்கின்றன. விரும்பினால் அழித்து வேறு எழுதலாம். ஜேபெக்கிலோ பெருக்கல் முடிந்து, விடை மட்டும் எஞ்சி, அதுவும் முழு எண்ணாகச் சுருக்கப்பட்டிருப்பதால், பின்னால் திருத்தப் புகுபவர் ஒரு நிறத்தைச் சீராக்கும்போது மற்றொன்று கெடக் காண்கிறார்.

புடைவையைப் படமெடுக்கும் பலர் இங்கேதான் தவறுகிறார்கள். சட்டத்துக்குள் பெரும்பகுதியும் ஒரே நிறமாக, உதாரணமாக அரக்காக, இருக்கும்போது, காட்சியின் சராசரி சாம்பல் நிறமாகத்தான் இருக்கவேண்டும் என்ற அநுமானத்தில் இயங்கும் கேமரா, 'விளக்கு சிவந்திருக்கிறது போலும்' என்று முடிவு கட்டிச் சிவப்பைக் குறைத்துவிடுகிறது. அரக்கு பழுப்பாகிவிடுவது இதனால்தான். பரிகாரம் சுலபம்: 1976 முதல் வழக்கிலிருக்கும் 24 கட்ட வர்ண அட்டையையோ, குறைந்தபட்சம் ஒரு சாம்பல் அட்டையையோ முந்தானையின் ஓரத்தில் வைத்து அதே ஒளியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, மாற்றும்போது அதைக் கொண்டு குணகங்களை நிர்ணயிக்க வேண்டும். ஆயினும் கச்சாக் கோப்பை எல்லா நோய்க்கும் மருந்தென்று கொள்ளலாகாது. மலிவான எல்.இ.டி. விளக்குகளில் சில நிறக் கிரணங்கள் மிகவும் குறைவு. இல்லாத கிரணத்தை எந்தக் குணகத்தால் பெருக்கினாலும் வராது. ஜவுளிக்கடையில் நம் பெண்மணிகள் புடைவையைத் தூக்கிக்கொண்டு வாசற்படிக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பதை விற்பனையாளர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. வர்ண சாஸ்திரத்தின்படி அப்பெண்மணிகள் செய்வதே சரி.

அடுத்தது விடுபட்ட நிறங்களை நிரப்புதல். ஓர் அறைக்கு ஓர் எண்தான் உண்டென்று கண்டோம். ஆனால் முடிந்த படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்கள் வேண்டும். சிவப்பு வடிகட்டியின் கீழிருந்த அறை தன் பச்சையையும் நீலத்தையும் அண்டை அறைகளைப் பார்த்து யூகித்துக்கொள்கிறது. அதாவது நாம் காணும் எந்த வர்ணப் படத்திலும் மூன்றில் ஒரு பங்கே அளந்தறிந்த எண். எஞ்சிய இரு பங்கும் கணித யூகம். வானத்திலும் சுவரிலும் இந்த யூகம் பிழைப்பதில்லை, பிழைப்பது பட்டில்தான். சென்சாரின் அறைகள் ஓர் ஒழுங்கான வலையாக அமைந்திருப்பது போலவே பாவும் ஊடையும் ஓர் ஒழுங்கான வலை. இவ்விரு வலைகளும் ஏறத்தாழ ஒரே நெருக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுமாயின், துணியில் இல்லாத அலை அலையான வானவில் பட்டைகள் படத்தில் தோன்றிவிடுகின்றன. இதைத் தடுக்கப் பிம்பத்தைச் சிறிதே மங்கச் செய்யும் ஒரு படலத்தைச் சென்சாரின் முன் வைப்பது பல கேமராக்களில் வழக்கம். 2012-இல் நிக்கான் நிறுவனம் ஒரே கேமராவை, அப்படலம் வேலை செய்யும் டி800 என்றும், அதன் விளைவை நீக்கிய டி800இ என்றும் இரு வடிவங்களில் விற்றது. கூர்மை வேண்டுவோர் இதை வாங்கலாம், அலைப்பட்டைக்கு அஞ்சுவோர் அதை வாங்கலாம். பட்டு வியாபாரியின் கேமராவை அவர் கேளாமலே நான் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதாயிருந்தால் முன்னதையே கொடுப்பேன். அலைப்பட்டை ஒருமுறை பதிவாகிவிட்டால், மாற்றும் மென்பொருள்கள் அதன் வானவில் நிறத்தை ஓரளவு போக்குமேயன்றி, ஒளியும் நிழலுமான வரியைப் போக்குவது கடினம். ஓரடி முன்னே நகர்ந்தோ பின்னே நகர்ந்தோ மறுபடி எடுப்பதே உத்தமம்.

இனி வாடாமல்லியின் வழக்குக்கு வருவோம். மனிதக் கண் காணக்கூடிய நிறங்களையெல்லாம் 1931-இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் ஒரு வரைபடத்தில் அடக்கியது. 1996-இல் ஹியூலெட் பாக்கார்டும் மைக்ரோசாப்டும் கணினித் திரைகளுக்கென்று வகுத்த எஸ்-ஆர்ஜிபி என்னும் நிறவெளி, அவ்வரைபடத்தின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே தழுவுகிறது. ஜேபெக் படங்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வெல்லைக்குள் உள்ளவை. பருத்தித் துணியின் அடங்கிய நிறங்களுக்கு அது தாராளமாகப் போதும். பட்டிழையோ மூன்று பட்டையான குறுக்குவெட்டு உடையதாகையால் ஒளியை உள்வாங்கித் திரும்ப வீசி, ஏற்றிய சாயத்தை மேலும் செறிவாகக் காட்டுகிறது. வாடாமல்லி, ராணி, கிளிப்பச்சை, மயில்கழுத்து போன்ற நிறங்கள் அவ்வெல்லையைத் தொட்டும் தாண்டியும் நிற்கின்றன. எல்லைக்கு வெளியே உள்ள நிறத்தை மாற்றும் மென்பொருள் எல்லைக் கோட்டின்மேல் இழுத்து வைத்துவிடுகிறது. அவ்வாறு இழுக்கப்படும்போது சற்றே வெளிர்ந்த வாடாமல்லியும் சற்றே ஆழ்ந்த வாடாமல்லியும் ஒரே இடத்தில் வந்து விழ, மடிப்பின் மேடுபள்ளமும் இழையின் ஓட்டமும் மறைந்து, வர்ணம் பூசிய காகிதம் போல ஒரு தட்டையான திட்டு மட்டும் நிற்கிறது. நிறம் மாறிற்று என்று வாங்கியவர் சொன்னதன் பொருள் இதுதான். கச்சாக் கோப்பில் எல்லை என்பது எழுதப்படவே இல்லை. 1998-இல் அடோபி வகுத்த விரிந்த நிறவெளியிலோ அதனினும் பெரியதிலோ முதலில் மாற்றி, செறிவைச் சிறிது தணித்து, இழைகள் தெரியும்படி செய்த பிறகு எஸ்-ஆர்ஜிபிக்குள் இறக்கினால் சேதம் மிகவும் குறையும். மயில்கழுத்தில் வேறொரு வம்பும் உண்டு: பாவு ஒரு நிறமும் ஊடை மற்றொரு நிறமுமாக நெய்யப்படும் அப்புடைவை, பார்க்கும் கோணத்துக்கேற்ப நீலமாகவும் பச்சையாகவும் மாறுவது. ஒற்றைப் படத்தில் அதை அடக்க எந்த வடிவத்தாலும் ஆகாது. இரண்டு கோணத்தில் இரண்டு படம் அனுப்புவதொன்றே நேர்மை.

ஒளியின் அளவை வகுப்பதில் உள்ள விஷயம் சற்றுக் கணிதம் கலந்தது. எனினும் ஜரிகையின் பொருட்டு அதை அறிந்துகொள்ள வேண்டும். 14 பிட் கச்சாக் கோப்பில் ஓர் அறையின் ஒளி 16,384 படிகளில் அளக்கப்படுகிறது. ஜேபெக்கில் உள்ளவை 256 படிகளே. சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் எண்ணுவதால், உச்சத்திலிருந்து ஒளி பாதியாகும் வரையுள்ள முதல் வீச்சுக்கே 8,192 படிகள் செலவாகி, அதற்கடுத்த பாதிக்கு 4,096, அதற்கடுத்ததற்கு 2,048 என்று குறைந்துகொண்டே சென்று, பத்தாவது பாதியான ஆழ்ந்த நிழலுக்கு 16 படிகளே எஞ்சுகின்றன. கண்ணோ விகிதங்களை உணர்வதே தவிர எண்ணிக்கைகளை உணர்வதன்று. ஆகவே மாற்றும்போது ஒரு வளைகோட்டின்படி நிழலை உயர்த்தியும் ஒளியை நெருக்கியும் 256 படிகளுக்குள் புகுத்துகிறார்கள். வெள்ளித் தகட்டைச் சுற்றித் தங்கமுலாம் பூசிய ஜரிகையில் ஒளிக்கதிர் நேரே பட்டுத் தெறிக்கும்போது, பட்டுப் பகுதியைவிடப் பன்மடங்கு ஒளி அறைகளில் நிரம்புகிறது. பகலொளியில் பச்சை அறைகளே முதலில் வழிந்துவிடுகின்றன. சிவப்பும் நீலமும் பெரும்பாலும் இன்னும் வழியாதிருக்கும். கச்சாக் கோப்பு கையிலிருந்தால், வழியாத இரு நிறங்களைக் கொண்டு மூன்றாவதை யூகித்துத் தங்கத்தின் மஞ்சளை ஓரளவு மீட்கலாம். ஜேபெக்காகிவிட்டாலோ மூன்றும் 255 என்று நிற்க, தங்க ஜரிகை வெள்ளி ஜரிகையாகக் காட்சியளிக்கும். மூன்று நிறமும் சென்சாரிலேயே வழிந்துவிட்டால் மீட்க யாதொன்றும் இராது. எனவே பட்டு சற்று இருண்டாலும் பரவாயில்லை என்று ஜரிகைக்கு ஏற்றபடி ஒளியைக் குறைத்து எடுத்து, நிழலைப் பின்னால் உயர்த்துவதே பட்டுப் படத்தின் முறை.

நிழலை உயர்த்தும் இக்கலைக்குப் பட்டைவிடப் பெரிய சோதனை வெம்பாக்கத்துக்கு அண்டையிலேயே இருக்கிறது. மாமண்டூர்க் குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரைகள் உள்ளன. அவற்றில் ஒன்றில் சிதைந்து கிடக்கும் கல்வெட்டு, மத்தவிலாசம் என்னும் அவனுடைய பிரகசனத்தைக் குறிப்பிடுவதால் சரித்திரக்காரர்களுக்கு விலைமதிப்பற்றது. வெயிலில் நிற்கும் முகப்புத் தூண்களும் உள்ளே இருள் படிந்த சுவரும் ஒரே படத்தில் வரவேண்டுமானால், ஜேபெக்கின் 256 படிகளில் சுவருக்குக் கிடைப்பவை விரல் விட்டு எண்ணத்தக்கவை. அவற்றை உயர்த்தினால் திட்டுத்திட்டாகப் பிளந்து, எழுத்துக்கும் கல்லின் வடுவுக்கும் வேற்றுமை தெரியாது போகும். கச்சாக் கோப்பிலிருந்து ஒருமுறை தூண்களுக்காகவும், மறுமுறை நிறத்தை அறவே நீக்கிக் கல்வெட்டுக்காகவும் என்று இரு வேறு படங்களை வார்த்தெடுக்கலாம். எப்படி மாற்றுவதென்று என்னைக் கேட்பவர்களிடம், எதற்காக மாற்றுகிறீர்களென்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான்.

இத்தனையும் முடிந்த பின்னரே ஜேபெக் என்னும் சுருக்குமுறை தன் வேலையைத் தொடங்குகிறது. அதன் இருதயமாக விளங்கும் கணிதத்தை உலகுக்கு அளித்த மூவர் நம் நாட்டுத் தொடர்புடையவர்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியாதிருப்பது வருந்தத்தக்கது. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் கான்ஸாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த நசீர் அகமது, ஒரு பிம்பத்தின் எண்களைக் கொசைன் அலைகளின் கூட்டாக எழுதினால் மிகவும் சுருக்கலாம் என்ற யோசனையை ஆராயப் பொருளுதவி வேண்டி 1972-இல் அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். உதவி மறுக்கப்பட்டது, யோசனை அளவுக்கு மீறி எளியதாக இருக்கிறதென்று மதிப்பிட்டவர்களில் ஒருவர் எழுதியதாக அகமது பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் சோர்ந்துவிடாமல், தம் ஆய்வு மாணவர் டி. நடராஜனையும், சென்னையில் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்று டெக்ஸாஸில் ஆசிரியராயிருந்த கே. ஆர். ராவையும் சேர்த்துக்கொண்டு காரியத்தை முடித்து, 1974 ஜனவரியில் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரையாக வெளியிட்டார். 1992-இல் ஜேபெக் நியமம் வகுக்கப்பட்டபோது அந்த 'எளிய' யோசனையே அதன் அஸ்திவாரமாயிற்று.

முறை இது. படத்தை எட்டுக்கு எட்டாக 64 புள்ளிகள் கொண்ட சதுரங்களாக அறுத்து, ஒவ்வொன்றையும், முழுதும் ஒரே நிறமான பரப்பிலிருந்து மிக நெருங்கிய கோடும் கட்டமும் வரையிலான 64 மாதிரி உருவங்களில் எது எது எவ்வளவு சேர்ந்தால் இச்சதுரம் உண்டாகும் என்று கணக்கிடுகிறார்கள். இந்த மட்டில் எதுவும் இழக்கப்படவில்லை. அடுத்து, கண் எளிதில் கவனியாத நெருங்கிய மாதிரிகளின் அளவுகளைப் பெரிய எண்களால் வகுத்து முழு எண்ணாக்கிவிட, அவற்றில் பல பூஜ்யமாகின்றன. இழப்பு இங்கேதான் நேர்கிறது. பூஜ்யங்களை நெருக்கமாக எழுதும் கடைசிப் படியில், 1952-இல் டேவிட் ஹஃப்மன் கண்ட குறிமுறை பயன்படுகிறது. அதில் இழப்பு இல்லை. நெருங்கிய கோடும் கட்டமும் கண்ணுக்கு அவ்வளவாக வேண்டாதவை என்பது மலைக்காட்சிக்கும் முகத்துக்கும் பொருந்தும் கொள்கை. நெசவையே காண விரும்புகிறவனுக்கு அது பொருந்தாது. இதனினும் கொடிது, ஒளிர்வையும் நிறத்தையும் பிரித்து, ஒளிர்வைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நான்கு புள்ளிக்கு ஒன்றாகக் குறைத்துவிடும் பரவலான வழக்கம். பச்சை உடலில் சிவப்புக் கரை கோர்வையாகப் பிணைந்து பல் பல்லாக ஏறும் இடத்தில், நெசவாளி இழை பிசகாமல் நிறுத்திய எல்லையை இது கசிந்த சாயம் போல ஆக்கிவிடுகிறது. சாயம் கசிகிறதோ என்று வாங்குபவர் ஐயுறுவதும் நியாயந்தானே! சேமிக்கும்போது தரத்தை உயர்த்தி, நிறக் குறைப்பு வேண்டாமென்று தேர்ந்துகொள்ள எல்லா நல்ல மென்பொருளும் இடமளிக்கின்றன. அந்தத் தேர்வு பட்டியலின் அடியில் ஒளிந்திருப்பதால் பெரும்பாலோர் கண்ணில் படுவதில்லை.

எதையும் இழக்க மனமில்லாதவருக்கு டிஃப் என்னும் வடிவம் இருக்கிறது. 1986-இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்டது. நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் இன்றளவும் நம்பியிருப்பது. நம்முடைய 2 கோடியே 40 லட்சம் புள்ளிப் படத்தின் கச்சாக் கோப்பு, சுருக்காதிருக்கும் நிலையில் சுமார் 42 மெகாபைட் ஆகிறது. அதையே 16 பிட் டிஃப்பாக்கினால் 144 மெகாபைட். பெருக்கத்துக்குக் காரணம் ஏதோ புதிய செல்வம் சேர்ந்ததென்று மயங்க வேண்டாம். முன் சொன்ன யூக எண்களும் எழுதப்பட்டதால் வந்த வீக்கம் அது. அழிந்துபோகும் ஆவணங்களைப் படியெடுக்க பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் திட்டம், கச்சாவாக எடுத்து டிஃப்பாக மாற்றித் தரவேண்டும், ஜேபெக்கிலிருந்து டிஃப் செய்யலாகாது என்று வழிகாட்டுகிறது. தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் புகைப்படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் படியெடுத்தது இத்திட்டத்தின்கீழ்த்தான். ஜேபெக்கை டிஃப்பாக மாற்றினால் கோப்பின் பருமன் பெருகுமே தவிர, ஹஃப்மனுக்கு முந்திய படியிலேயே பூஜ்யமானவை திரும்புவதில்லை.

அப்படியானால் கச்சாக் கோப்பையே காலமெல்லாம் வைத்திருந்தால் என்ன என்ற கேள்வி எழும். வைத்திருக்கத்தான் வேண்டும், ஆனால் அதன் எழுத்துமுறை கேமராக் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, சில சமயம் மாதிரிக்கு மாதிரி வேறு. 2005-இல் நிக்கான் தன் உயர்தரக் கேமரா ஒன்றின் கச்சாக் கோப்பில் ஒயிட் பேலன்ஸ் எண்களைச் சங்கேதமாக்கி எழுதியது. தாம் எடுத்த படத்தின் குறிப்பை வாசிக்கப் படமெடுத்தவருக்கே உரிமையில்லையா என்று அப்போது பெரும் ஆக்ஷேபம் எழுந்தது. 1997 முதல் தனியொருவராக இருந்து கேமராக்களின் கச்சா மொழிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, டிசிரா என்ற இலவச மென்பொருளில் எழுதி வைத்த டேவ் காஃபின் அந்தச் சங்கேதத்தையும் அவிழ்த்தார். இன்று விலையின்றிக் கிடைக்கும் டார்க்டேபிள், ராதெரப்பி போன்ற மென்பொருள்களை உபயோகிப்பவர்கள் அவருடைய உழைப்புக்குக் கடன்பட்டவர்கள். 2004-இல் அடோபி, டிஃப்பின் அமைப்பைத் தழுவி டிஎன்ஜி என்ற பொதுவான கச்சா வடிவத்தை விளக்கக் குறிப்புகளோடு வெளியிட்டது. சில கேமராக்களும் பல கைபேசிகளும் நேரே அதில் எழுதுகின்றன. பெரிய கம்பெனிகள் தத்தம் வடிவத்தை விட்டபாடில்லை. கம்பெனியின் கோப்போடு டிஎன்ஜி பிரதி ஒன்றையும் வைத்துக்கொள்வது இடத்தை அடைத்தாலும் புத்திசாலித்தனம் என்பது என் அபிப்பிராயம்.

இவ்வளவு சிரத்தையோடு மாற்றிய படத்தைக் கைபேசியின் செய்திச் செயலியில் புகைப்படமாக அனுப்பினால், அச்செயலி தன் சௌகரியத்துக்கு அதைச் சிறிதாக்கி மறுபடியும் ஜேபெக்காகச் சுருக்கிவிடும். ஆவணம் என்ற பிரிவில் இணைத்து அனுப்பினால் உள்ளபடியே சேரும். அதற்கப்பாலும் டொராண்டோவில் வாங்குபவர் இரவில் கண் கூசாதிருக்கத் திரையை மஞ்சளாக்கி வைத்துக்கொண்டு பார்ப்பாராயின், அங்கே நிகழும் மாற்றத்தின்மேல் வெம்பாக்கத்திலிருப்பவருக்கு யாதொரு அதிகாரமும் கிடையாது. கல்யாணத்துக்கென்று ஆர்டர் கொடுக்கும் புடைவையில் நிறம் இம்மியும் பிசகக்கூடாதென்றால், அதே பாவிலிருந்து ஒரு சாண் நூலையும் ஊடையிலிருந்து ஒரு சாண் நூலையும் உறையிலிட்டுத் தபாலில் அனுப்பிவிடுவது நல்லது. வாசற்படியில் நின்று பகலில் பார்க்கும்படி ஒரு வரி எழுதிச் சேர்க்கலாம்.